சிரிஞ்சுக்குள் பட்டிப்பூ

15 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாயின் புற்றுநோய்க் கட்டியைக் கரைக்க ஒரு வாரத்துக்கு எவ்வளவு மருந்து வேண்டும்? ஒரு டம்ளர்? ஒரு பாலாடை? இல்லவே இல்லை. 0.375 மில்லி! அரை மில்லிகூட முழுசாக இல்லை. சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அடியில் கொஞ்சூண்டு தெரியும், அவ்வளவுதான். அதை ரத்தக் குழாய்க்குள் ஏற்றிவிட்டு அடுத்த வாரம் பார்த்தால், காலிஃப்ளவர் மாதிரிப் புடைத்துக் கிடந்த கட்டி சுருங்கத் தொடங்கியிருக்கும். பெரும்பாலான நாய்களுக்கு நாலைந்து வாரத்தில் கட்டி இருந்த இடமே தெரியாது.

அந்த மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். அது எதிலிருந்து வந்தது தெரியுமா? புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டையில் வாசலோரம், கோயில் மதிலோரம், சுடுகாட்டுப் பாதை என்று யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் குலுங்குகிறதே, ஆடுகூட வாய் வைக்காத அந்த ஊதா நித்தியகல்யாணி, அதிலிருந்துதான்! பட்டிப்பூ என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்களே, அதேதான். சாமிக்கு மாலை கட்டவும் பறிப்பதில்லை, தலையில் சூடவும் பறிப்பதில்லை. அப்படி ஒதுங்கிக் கிடக்கும் செடி, தெருநாய்களிடம் பரவும் ஒரு புற்றுநோய்க்கு இன்றைக்கும் முதல் மருந்து. இதைக் கேட்ட நாளிலிருந்து அந்தச் செடியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குக் கால் ஒரு கணம் நின்றுவிடுகிறது.

செல்லப் பிராணிகளின் புற்றுநோய்க்குப் பச்சிலை, அக்குபங்சர், உணவுமுறை என்று துணை வைத்தியங்களைச் சேர்த்துப் பார்ப்பது இப்போது உலகமெங்கும் பேசப்படுகிறது. அந்தப் பேச்சில் பச்சிலை ஒரு கட்சி, ஊசி மருந்து இன்னொரு கட்சி என்று இரண்டு அணி பிரிந்துவிடுகிறது. மாட்டாஸ்பத்திரியின் பின்கட்டுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தால் அந்தக் கோடு அழிந்துபோகும். வாருங்கள், செருப்பைக் கழற்ற வேண்டாம், உள்ளே போவோம்.

முன்கட்டில் நடப்பது எல்லாருக்கும் தெரிந்த பேச்சுதான்.

"எத்தனை நாளா ரத்தம் சொட்டுதும்மா?"

"பத்து நாளுக்கு மேல இருக்கும்ங்கய்யா. பருவத்துக்கு வந்துருக்குன்னு நெனச்சு விட்டுட்டோம். வாசல்ல படுத்த எடமெல்லாம் கறையா ஆகவும்தான் ஆட்டோ புடிச்சு வந்தோம்."

பெட்டை நாய் என்றால் பருவம் என்று நினைப்பார்கள், கடுவன் என்றால் நீர்க்கடுப்பு என்று நினைப்பார்கள். டாக்டர் வாய்க்கட்டைப் போட்டுவிட்டு, கையுறை மாட்டி, வாலைத் தூக்கிப் பார்ப்பார். சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும் சதைக் கட்டி அங்கே இருக்கும். அதன் மேல் ஒரு கண்ணாடிச் சில்லை லேசாக ஒற்றி எடுப்பார். கத்தி இல்லை, தையல் இல்லை, ஒரே ஒரு ஒற்றல்!

இப்போதுதான் பின்கட்டு. சில்லு காய்ந்ததும் அதன் மேல் சாயம் ஊற்றுவார்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவினால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக நிறம் ஏறியிருக்கும். மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துக் குமிழைத் திருகத் திருக, வட்ட வட்டமான செல்கள் கண்ணுக்கு வரும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் வெளுத்த சின்னக் குமிழ்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையைப் பார்த்ததும் டாக்டர் தலையாட்டுவார். பரவும் பால்வினைக் கட்டி. புற்றுநோய்களில் இவ்வளவு சுலபமாக முகத்தைக் காட்டிக் கொடுப்பது வேறு அதிகம் இல்லை.

அந்தச் சில்லில் இருக்கும் செல்கள் அந்த நாயுடையவை அல்ல! இதைச் சொல்லும்போதே எனக்குப் புல்லரிக்கிறது. மனிதருக்கு வரும் புற்றுநோயில் அவரவர் உடம்புச் செல்தான் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. இந்த நோயில் அப்படி இல்லை. இணைசேரும்போதும், மோந்து பார்க்கும்போதும், நக்கும்போதும் ஒரு நாயின் கட்டியிலிருந்து உயிருள்ள புற்றுச் செல்லே இன்னொரு நாய்க்கு இடம் மாறி, அங்கே வேர் பிடித்துவிடுகிறது. நாய்க்கு இயல்பாக 78 குரோமோசோம்கள். இந்தக் கட்டிச் செல்களை எண்ணினால் 60-க்கு அக்கம்பக்கத்தில்தான் நிற்கிறது. 43 நாடுகளில் 546 கட்டிகளை எடுத்து மரபணுவைப் படித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, இவை எல்லாமே 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரே ஒரு நாயிடமிருந்து கிளம்பியவை என்று காட்டியது. அந்த நாய் செத்துச் சில ஆயிரம் வருடங்கள் ஆகிவிட்டன. அதன் செல் மட்டும் இன்னும் சாகவில்லை. கப்பலேறிக் கண்டம் தாண்டி, தெருத் தெருவாக அலைந்து, இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வாசல்படியில் ரத்தமாகச் சொட்டுகிறது! 1810-இல் லண்டன் கால்நடை மருத்துவர் டெலபெர் பிளெய்ன் இதைப் பற்றி எழுதிவைத்தார். டாஸ்மேனியாவின் டெவில் என்ற விலங்குக்கும் சில சிப்பி இனங்களுக்கும் இப்படித் தொற்றும் புற்றுநோய்கள் உண்டு. அதைவிட்டால் உலகத்தில் அபூர்வம்.

சரி, ஊசிக்கு வருவோம். அது ஏறுவதற்கு முன் நடக்கும் ஏற்பாடுதான் பின்கட்டின் அழகே.

முதலில் எடை. நாய் தராசில் நிற்காது. வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துக்கொள்வார்கள். கிலோவுக்கு 0.025 மில்லிகிராம் என்று கணக்கு. ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும் சிறு பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுப்பார்கள். அடுத்து ரத்தப் பரிசோதனை. வெள்ளணுக்கள் போதுமான அளவு இருக்கின்றனவா? குறைந்திருந்தால் இந்த வாரம் ஊசி கிடையாது, வீட்டுக்குப் போய் அடுத்த வாரம் வாருங்கள் என்றுதான் பதில். தொலைவிலிருந்து பஸ்ஸும் ஆட்டோவும் மாறி வந்தவருக்கு அது கஷ்டம்தான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைத் துணிந்து சொல்லும் டாக்டரை நம்பலாம்.

பிறகு முன்னங்காலில் மயிரை மழித்து, ரத்தக் குழாயில் மெல்லிய குழலைப் பொருத்துவார்கள். உப்புத் தண்ணீரை ஏற்றிப் பார்ப்பார்கள். சதை வீங்குகிறதா? இல்லை. நாய் காலை இழுக்கிறதா? இல்லை. அப்புறம்தான் மருந்து. இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. வின்கிரிஸ்டின் ரத்தக் குழாய்க்கு வெளியே ஒரு சொட்டு கசிந்தாலும் அந்த இடத்துச் சதை வெந்து அழுகிவிடும். தப்பித் தவறிக் கசிந்துவிட்டால் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள், ஐஸ் வைக்க மாட்டார்கள். வேறு சில புற்று மருந்துகளுக்கு ஐஸ்தான் சரி, இதற்கோ சூடு! மருந்து ஏறியதும் மறுபடி உப்புத் தண்ணீர் விட்டுக் குழலைக் கழுவி எடுப்பார்கள். போடுகிறவர் கையில் கையுறை, முகத்தில் மறைப்பு. சிரிஞ்சும் பஞ்சும் தனி டப்பாவுக்குப் போகும். வீட்டுக்கும் ஒரு சொல் உண்டு. சில நாளைக்கு நாயின் மூத்திரத்தையும் மலத்தையும் வெறும் கையால் அள்ளாதீர்கள், வயிற்றுப் பிள்ளைக்காரியும் சின்னப் பிள்ளைகளும் பக்கத்தில் போக வேண்டாம்.

உள்ளே போன மருந்து என்ன செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துப் போக நுண்ணிய இழைகள் தேவை. வின்கிரிஸ்டின் அந்த இழைகளைக் கட்டவிடாமல் தடுக்கிறது. பிரிவதற்கு நடுவழியில் செல் திகைத்து நின்று செத்துப்போகிறது. வேகமாகப் பெருகும் செல்தான் முதலில் மாட்டும். அதனால்தான் கட்டியும் கரைகிறது, வெள்ளணுவும் கொஞ்சம் குறைகிறது. இதையும் தாண்டி ஒரு விஷயம் உண்டு. இந்தக் கட்டி விஷயத்தில் மருந்து ஆரம்பித்துக் கொடுத்ததும், அதுவரை கட்டியைக் கண்டுகொள்ளாமல் இருந்த நாயின் சொந்த எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு உள்ளே புகுந்து வேலையை முடிக்கிறது என்று 2018-இல் வந்த ஆய்வு காட்டுகிறது. உடம்பைச் சேர்த்துப் பார்க்கும் வைத்தியம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்!

இந்த மருந்தைக் கண்டுபிடித்த கதைக்கும் ஒரு பின்கட்டு இருக்கிறது, அது கனடாவில். 1952-இல் ஜமைக்காவிலிருந்து டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஒரு தபால் உறை வந்தது. உள்ளே நித்தியகல்யாணி இலைகள். அங்கே சர்க்கரை நோய்க்கு அந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள், பயன் உண்டா பாருங்கள் என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். இந்தக் கிளார்க் நோபிள் யார் தெரியுமா? 1921-இல் பான்டிங்குடன் இன்சுலின் ஆராய்ச்சியில் முதலில் யார் சேர்வது என்று சார்லஸ் பெஸ்ட்டும் இவரும் காசு சுண்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். சுண்டிய காசு பெஸ்ட் பக்கம் விழுந்தது. முப்பது வருடம் கழித்து இவர் வீட்டுக்கு இலை வருகிறது! ஓய்வு பெற்றிருந்ததால் அதைத் தம்பி ராபர்ட் நோபிளின் ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்ட எலிகள் தொற்று நோயில் செத்து விழுந்தன. வேறு யாராக இருந்தாலும் இலையைக் குப்பையில் கொட்டியிருப்பார்கள். இவர்கள் ஏன் செத்தன என்று பார்த்தார்கள். வெள்ளணுக்கள் அதலபாதாளத்துக்குப் போயிருந்தன. வெள்ளணுவை இப்படி வீழ்த்தும் பொருள், வெள்ளணு கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோயை வீழ்த்தாதா? சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958-இல் வின்பிளாஸ்டின் உலகுக்குத் தெரிந்தது. அதே செடியில் எலி லில்லி நிறுவனம் கண்டெடுத்த வின்கிரிஸ்டினுக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இன்றும் முக்கியமான மருந்து. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து அடையாற்றில் எழுப்பிய புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தொடங்கியபோது இந்த மருந்து பிறந்திருக்கவில்லை. அதற்குள் இலை மட்டும் கனடா போய்ச் சேர்ந்திருந்தது!

இலையிலிருந்து மருந்து எடுப்பது லேசான காரியமில்லை. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால்தான் நம் தென்மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் இதைப் பயிராகவே போடுகிறார்கள். இலையும் விலை, வேரும் விலை. 2022-இல் விஞ்ஞானிகள் ஈஸ்ட்டுக்குள் செடியின் மரபணுக்களைச் செலுத்தி, வின்பிளாஸ்டினுக்கான மூலப்பொருள்களை அதையே சமைக்கவைத்தார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வம்பன் நினைவுக்கு வந்தது. வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில், செம்மண்ணும் முந்திரியும் தைலமரக் காடுமாகக் கிடக்கும் இடத்தில் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் 8, வம்பன் 10 என்று உளுந்து ரகங்கள் அங்கிருந்து புறப்பட்டுத் தமிழ்நாட்டு வயல்களுக்குப் போயின. ஒரு செடிக்குள் என்ன இருக்கிறது என்று பொறுமையாகத் தோண்டுபவர்களுக்கு இந்த வட்டாரம் புதிதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாசலில் செடி நிற்கிறதே, நாலு இலையைப் பறித்துக் கஷாயம் வைத்து நாய்க்கு ஊற்றினால் என்ன என்று தோன்றும். வேண்டவே வேண்டாம்! இலையில் பத்துப் பதினைந்தல்ல, நூற்றுக்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. எது எவ்வளவு என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. 0.375 மில்லிக்கும் அதன் இரண்டு மடங்குக்கும் நடுவில் ஒரு நாயின் உயிர் இருக்கிறது. ஆடு ஏன் அந்தச் செடியைத் தொடுவதில்லை என்பதற்கும் அந்த வேதிப்பொருள்களே பதில்.

அப்படியானால் வீட்டுப் பச்சிலைக்கு இடமே இல்லையா? இருக்கிறது, அதுவும் நம் வட்டாரத்துக்குப் பெருமை சேர்க்கும் இடம். 1989-இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி, ஊர் வைத்தியர்களிடமும் ஆத்தாமார்களிடமும் இருந்த மாட்டு வைத்தியத்தைக் கேட்டுத் திரட்டி, அளவு போட்டு, சோதித்து, பயிற்சியாக்கினார். மடிநோய்க்கு அவர் பரப்பிய மருந்தைச் சொல்கிறேன், அடுப்படியிலேயே முடிந்துவிடும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்து அரைத்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ரத்தச் சிவப்பாக மாறும். அதைக் கரைத்து மடியில் ஒரு நாளைக்குப் பல முறை பூசுவார்கள். ஆன்டிபயாடிக் செலவு குறைகிறது, பாலில் மருந்து மிச்சமும் இல்லை. தேசிய பால்வள வாரியம் இதை நாடு முழுக்க எடுத்துப் போனது. வல்லத்திராக்கோட்டைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

மாட்டுக்கு இவ்வளவு அழகாக வேலை செய்வது நாய்க்கு அப்படியே ஆகாது. மாட்டுப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, மஞ்சள், பூண்டு எல்லாம் எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது தஞ்சாவூர்ப் பயிற்சியில் உண்டு. நாயோ பூசிய இடத்தைப் பத்து நிமிடத்தில் நக்கி முடித்துவிடும். பூண்டும் வெங்காயமும் நாய், பூனையின் சிவப்பணுவை உடைக்கும். புழு வைத்த புண்ணுக்கு மாட்டில் பயன்படும் கற்பூர எண்ணெய் நாய் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். மனிதருக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். புற்றுக்கட்டி உடைந்து நாறும் புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி, ஈ அண்டாமல் சுத்தத் துணி சுற்றி, கழுத்தில் புனல் பட்டை மாட்டுவதுதான் வீட்டில் செய்யக்கூடிய நல்ல வைத்தியம். எண்ணெய், பொடி எதுவானாலும் டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் பூசலாம்.

துணை வைத்தியத்தில் நான் முதலிடம் கொடுப்பது சோற்றுத் தட்டுக்கு. புற்றுநோய் உள்ள நாய் மெலிவதற்குப் பாதிக் காரணம் அது சாப்பிடாததுதான். குமட்டல், வாய்ப்புண், வாசனை தெரியாமை. சோற்றைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும்பி மூக்கைத் தொடும். வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழிச்சதை, காரம் புளி சேர்க்காத மீன் என்று புரதத்தைக் கூட்டலாம். குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு வேண்டாம், அதில் வெங்காயம் இருக்கிறது. ஊசி போட்ட வாரங்களில் பச்சைக்கறி கூடாது, வெள்ளணு குறைந்த உடம்புக்குக் கிருமியைத் தாங்க வலுவில்லை. வின்கிரிஸ்டின் மலத்தை இறுக்கும், அதனால் தண்ணீர்ச் சட்டி நிறைந்தே இருக்கட்டும். மாவுச்சத்தை முழுக்க நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும் என்று சொல்லித் திரிபவர்கள் உண்டு. அதற்குச் சான்று கிடையாது. பட்டினி கிடப்பது நாய்தான்.

மஞ்சளைப் பற்றிக் கேட்பீர்கள். அதில் உள்ள குர்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுச் செல்லை அடக்குவது உண்மை. வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் சேருவது மிகமிகக் கொஞ்சம். சமையலில் இருக்கும் சிட்டிகை மஞ்சளால் கெடுதி இல்லை, அதுவே சிகிச்சை என்று இருந்துவிடக் கூடாது. காளான் கதை இன்னும் சுவாரசியம். மரக்கட்டையில் வளரும் ஒரு காளானின் சத்தை, மண்ணீரலில் கொடிய புற்று வந்த 15 நாய்களுக்கு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கொடுத்துப் பார்த்து 2012-இல் எழுதினார்கள். எதிர்பார்த்ததைவிட நீண்ட நாள் வாழ்ந்தன! உலகமே துள்ளியது. அந்தப் பல்கலைக்கழகமே 101 நாய்களை வைத்துப் பெரிதாகச் சோதித்தபோது அந்தப் பலன் நிலைக்கவில்லை. துள்ளியவர்களே உட்கார்ந்து மறுபடி எண்ணிப் பார்த்ததை நான் மிக மதிக்கிறேன். அக்குபங்சர் கட்டியைக் கரைக்காது. வலியையும் குமட்டலையும் தணிக்கத் துணையாகப் பல நாடுகளில் கால்நடை மருத்துவர்கள் அதைக் கையாள்கிறார்கள், அதற்கான சர்வதேச சங்கம் 1974-லேயே தொடங்கிவிட்டது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் செல்லம் என்றால் நாயோடு நிற்காதே! ஆண்டுதோறும் தச்சங்குறிச்சியில் முதல் ஜல்லிக்கட்டு வாடிவாசல் திறக்கும் மண் இது. பிள்ளைக்கு வைக்கும் சத்தை வைத்துக் காளை வளர்க்கிற வீடுகள் நிறைய. காளைக்கும் எருதுக்கும் கொம்புப் புற்று என்று ஒன்று வரும், இந்திய மாட்டினங்களில்தான் இது அதிகம். கொம்பின் உள்கூட்டை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் அது தொடங்கும். மாடு தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், ஒரு பக்கமாகச் சாய்க்கும், அந்தப் பக்க மூக்கில் ரத்தம் கசியும், பிறகு கொம்பு தளர்ந்து தொங்கும். நுகத்தடி உராய்வு, கொம்பைச் சீவுவது, பெயிண்ட் அடிப்பது, கடும் வெயில் என்று காரணங்களைச் சந்தேகிக்கிறார்கள். வைத்தியம் அறுவை. கண்ணின் வெளிமூலைக்கும் கொம்படிக்கும் இடையில் ஓடும் நரம்பில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு, கொம்பை அடியோடு அறுத்து, மேல்தோலை இழுத்து மூடித் தைப்பார்கள். அதன் பிறகு ஈ அண்டாமல் காப்பாற்ற வேப்பெண்ணெய் வருகிறது பாருங்கள், கத்தியும் வேம்பும் ஒரே புண்ணில்! ஆரம்பத்தில் கொண்டுவந்த மாடு மறுபடி எழுந்து மேயப் போகும். மூக்கில் ரத்தம் பார்த்ததும் 1962-க்கு போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வாசலுக்கே வரும்.

எல்லாக் கட்டியும் பட்டிப்பூவுக்கு அடங்காது. பெட்டை நாயின் மடிக்கட்டியில் ஏறக்குறைய பாதி கெட்ட கட்டி, பூனையில் பத்தில் எட்டுக்கு மேல். முதல் பருவத்துக்கு முன்பே கருப்பையும் சினைப்பையும் எடுத்துவிட்ட நாய்களுக்கு அந்த ஆபத்து மற்ற நாய்களுக்கு உள்ளதில் 0.5 சதவீதம்தான் என்று 1969-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒரு பருவம் தாண்டினால் 8 சதவீதம், இரண்டு தாண்டினால் 26. கருத்தடை அறுவை புற்றுத் தடுப்பும் ஆகிவிடுகிறது. தெருவில் அலைந்து இணைசேர்வது குறைவதால் பரவும் கட்டிக்கும் அது கதவடைக்கும்.

நுரையீரல் வரை போய்விட்ட புற்றுக்கு என்ன செய்வது? அமெரிக்கப் புற்றுநோய்க் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் ஒரு மதிப்பெண் தாளைக் கொடுத்தார். வலி, பசி, நீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். கூட்டினால் 35-க்கு மேல் இருந்தால் வைத்தியத்தையும் கவனிப்பையும் தொடரலாம். வாராவாரம் கீழே இறங்கிக்கொண்டே போனால் வலியில்லாமல் அனுப்பிவைப்பது பற்றி டாக்டரோடு பேசலாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும், கோடு போட்டு எழுத. இந்த ஏழில் ஒன்றுகூட கட்டியின் அளவைக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நாய் எப்படி இருக்கிறது என்று மட்டுமே கேட்கின்றன. உடம்பு மொத்தத்தையும் பார்க்கும் வைத்தியம் என்றால் எனக்கு இந்தத் தாள்தான்.

மாட்டாஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய சீட்டுகளையும், கட்டி முதலில் தெரிந்தபோது போனில் எடுத்த படத்தையும், வீட்டில் என்னென்ன எண்ணெய், பொடி, மாத்திரை கொடுத்தீர்கள் என்ற விவரத்தையும் கொண்டுபோங்கள். எதையும் மறைக்க வேண்டாம், பச்சிலையைச் சொன்னால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், அளவு கேட்பார். முடிந்தால் தினமும் நாய்க்குச் சோறு வைக்கிற அப்பத்தாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொள்ளுங்கள். நேற்று எவ்வளவு தின்றது, எந்தப் பக்கமாகப் படுத்தது, எப்போது முனகியது என்று டாக்டர் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசிக்கு அவருக்குத்தான் பதில் தெரியும்.